வறட்சியைத் தாங்குமா ஏலமலை?

நெல்லுக்கு விடை கண்ட தில்லி; இரு அமைச்சகங்களுக்கு நடுவே காத்திருக்கும் ஏலச்செடி

புது தில்லி: தலைநகரின் பூசா வளாகத்தில் உள்ள தேசிய வேளாண் அறிவியல் மையத்தின் சி. சுப்பிரமணியம் அரங்கில் 2025 மே 4-ஆம் தேதி இரண்டு நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் செளகான் அறிமுகப்படுத்தினார். மரபணுத் திருத்தம் என்ற நுட்பத்தின் மூலம் இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் நெல் ரகங்கள் இவை. ஒன்று ஹைதராபாதில் உருவான 'கமலா'. மற்றொன்று தில்லியிலேயே உருவான 'பூசா டி.எஸ்.டி. நெல் 1'. வறட்சியையும் உவரையும் தாங்கும் திறனைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே டி.எஸ்.டி. பசுமைப் புரட்சிக்கு அரசியல் துணிவைத் தந்த தமிழரின் பெயரைத் தாங்கிய அரங்கில் இந்த அறிவிப்பு வெளியானது பொருத்தமே.

இதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 2024-ஆம் ஆண்டின் கோடையில், தமிழகத்தின் தேனி மாவட்டத்தையும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தையும் பிரிக்கும் போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள் காய்ந்துகொண்டிருந்தன. பிப்ரவரி முதல் மே வரை கோடை மழை ஏமாற்றியது. படுதாக் குளங்கள் வற்றின. பச்சை வலை கட்டி நிழல் கொடுத்தும் காப்பாற்ற முடியாமல் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் செடிகள் பட்டுப்போயின. நெல்லுக்குக் கிடைத்த மரபணு விடை, ஏலக்காய்க்கு ஏன் கிடைக்கவில்லை என்பது தாவர அறிவியல் மட்டும் சார்ந்த கேள்வியாக இருந்திருந்தால் அதை விஞ்ஞானிகளிடமே விட்டுவிடலாம். நாடாளுமன்றத்தில் எந்த அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்பதிலேயே தொடங்குகிறது சிக்கல்.

ஒரு மலை, இரு மாநிலங்கள்

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சுமார் 4,500 அடி உயரத்தில் போடிமெட்டு. கொச்சியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை இவ்வழியேதான் செல்கிறது. மலை விளிம்பில் இரு மாநிலங்களின் சோதனைச் சாவடிகள். அதற்கு மேற்கே பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று விரிகிறது ஏலமலை. 1956-இல் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றுக்காக எழுந்த தமிழகத்தின் கோரிக்கை நிறைவேறாமல் போன வரலாறு இப்பகுதியினருக்கு இன்றும் மறந்ததல்ல.

எல்லைக்கோடு வரையப்பட்ட பின்னரும் தொழில் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. தோட்டம் மேலே, சந்தை கீழே. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் ஆகிய ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகளில் புறப்படும் பெண் தொழிலாளர்கள், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். பறித்த காய் தோட்டத்து ஸ்டோர்களில் உலர்த்தப்பட்டு, நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும், இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நடைபெறும் மின்னணு விற்பனைக்கு வருகிறது. (ஏலக்காயை ஏலம் விடுவது என்று எழுதினால் அச்சுப்பிழை என்று நினைப்பவர்களும் உண்டு.) முல்லைப் பெரியாறு பிரச்னை கொதித்த 2011 டிசம்பரில் இச்சாலை மூடப்பட்டபோதும், பொது முடக்கத்தால் 2020-இல் எல்லை அடைக்கப்பட்டபோதும் மேலே காய் பறிக்க ஆளில்லை, கீழே அடுப்பெரிக்க வழியில்லை என்ற நிலை ஏற்பட்டது.

வறட்சி வந்தாலும் அதே நிலைதான். ஒரே வேறுபாடு, சாலை திறந்திருக்கும், வேலை இருக்காது.

மழைக்கணக்கிலும் போடிமெட்டு ஒரு விளிம்புதான். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவமழை பீர்மேட்டிலும் மூணாறிலும் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் இந்தக் கிழக்கு முனையை எட்டுகிறது. ஜனவரிக்குப் பிறகு சமவெளியிலிருந்து ஏறிவரும் வறண்ட காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. இதே மலைத்தொடரில் ராமக்கல்மேட்டின் முகட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டிருப்பதே அக்காற்றின் வேகத்துக்குச் சான்று. ஏலமலையில் வறட்சி முதலில் தெரியும் இடங்களுள் இந்தக் கிழக்கு விளிம்பும் ஒன்று.

தட்டையும் சரமும்

ஏலச்செடி இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாக் காடுகளில், பெருமரங்களின் நிழலில், ஆண்டில் பெரும்பகுதி ஈரம் காயாத மண்ணில் தோன்றிய தாவரம். அதன் உடலமைப்பு முழுவதும் அந்த ஈரத்தை நம்பியே அமைந்துள்ளது. வேர்கள் ஆழம் போவதில்லை. பெரும்பாலானவை மேல்மண்ணில் ஒன்றரை அடிக்குள்ளேயே பரவுகின்றன. அகன்று நீண்ட இலைகள் நீரைத் தாராளமாக ஆவியாக்குகின்றன. மேலே தண்டுபோல் நிற்கும் தட்டைகள் உண்மையில் இலையுறைகளின் சுருளே. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கிறது.

காய் பிடிக்கும் சரங்கள், தட்டையின் அடியில் மண்ணை ஒட்டி, ஆண்டின் தொடக்கத்தில் கிளம்புகின்றன. அவை நீண்டு வளர்ந்து பூக்கத் தயாராகும் மாதங்கள்தான் மலையின் வறண்ட மாதங்கள். மழைக்காலத்தின் நடுவே தொடங்கும் காயெடுப்பு அடுத்த ஆண்டின் தொடக்கம் வரை சுற்றுச்சுற்றாக நீடிக்கும். மார்ச்சில் சரம் கருகினால் ஆகஸ்டில் காய் இல்லை. அத்துடன் முடிவதில்லை. இந்த ஆண்டு கிளம்பும் புதுத் தட்டைதான் அடுத்த ஆண்டின் சரத்தைத் தாங்க வேண்டியது. ஆகவே ஒரு கடும் கோடை இரண்டு ஆண்டுகளின் விளைச்சலைக் குலைக்கிறது. தூரே பட்டுப்போனால் மறுநடவு செய்து மீண்டும் காய் காண இரண்டு, மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

நெல் விவசாயி ஒரு போகத்தை இழந்தால் அடுத்த போகத்தில் வேறு விதை தூவலாம். ஏலத்தோட்டக்காரருக்கு அந்த வசதி இல்லை. ரகத் தேர்வு என்பது அவருக்குப் பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கும் முடிவு.

இதன் விலை என்ன என்பதை இரு முறை நாடு பார்த்திருக்கிறது. 1982-83 வறட்சி ஏலத்தோட்டங்களைத் தாக்கிய பத்தாண்டில்தான், 1914 வாக்கில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவரால் ஏலச்செடி அறிமுகப்படுத்தப்பட்ட குவாதமாலா என்ற சிறிய மத்திய அமெரிக்க நாடு இந்தியாவை முந்தி உலகின் முதன்மை உற்பத்தியாளரானது. அடுத்தது அண்மைக் காலத்தது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் அழுகிய தோட்டங்கள் தலைதூக்குமுன் 2019 கோடை காய்ந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக ரூ.7,000-க்கு விற்றது. இதைப் பொற்காலமாகக் கொண்டாடியோர் பலர். விற்கக் காய் இருந்தவர்களுக்குத்தான் அது பொற்காலம். அந்த விலையை நம்பிக் கடன் வாங்கிப் புதிதாக நட்டவர்கள், காய் வரத் தொடங்கியபோது கிலோ ரூ.1,000-க்கும் கீழே சென்ற விலையைத்தான் கண்டார்கள்.

ஞள்ளானியின் ஆட்சி

ஏலக்காயில் மரபு மேம்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. நெடுங்கண்டம் அருகே பாம்பாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது 1956-இல். மயிலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது 1978-இல். கர்நாடகத்தில் மடிக்கேரி அருகே அப்பங்களாவில் இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் உள்ளது. முதலாவது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இரண்டாவது மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள நறுமணப் பொருள் வாரியத்தைச் சேர்ந்தது. மூன்றாவது மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. மூன்று எஜமானர்கள்.

ஆயினும் மலையின் முகத்தை மாற்றிய ரகம் இந்த மூன்றில் எதிலிருந்தும் வரவில்லை. 1980-களின் இறுதியில் கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி, தமது தோட்டத்தில் நன்கு காய்த்த செடிகளைத் தேர்ந்தெடுத்து, வலைபோட்டு மூடி, அவற்றுக்குள் தேனீக்களை விட்டு மகரந்தச் சேர்க்கை நடத்தி, கிடைத்த நாற்றுகளிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுத்து உருவாக்கியதே 'ஞள்ளானி' ரகம். ஏலக்காயின் மூன்று இயற்கை வகைகளான மலபார், மைசூர், வழுக்கை ஆகியவற்றில் இது வழுக்கை வகையைச் சேர்ந்தது. 1980-களில் ஹெக்டேருக்கு 100 கிலோவை எட்டாத நாட்டின் சராசரி விளைச்சல் பல மடங்கு உயர்ந்ததில் இந்த ஒரு ரகத்தின் பங்கு பெரிது. நன்கு பராமரிக்கப்பட்ட தோட்டங்களில் ஹெக்டேருக்கு 1,500 கிலோ என்ற அளவையும் தொட்டது. பட்டம் பெறாத ஒருவரின் கூர்ந்த பார்வை, ஆராய்ச்சி நிலையங்களின் நீண்ட கால உழைப்பை முந்தியது வேளாண் துறை இன்னமும் முழுமையாகச் செரித்துக்கொள்ளாத செய்தி.

இந்த வெற்றிக்குள்ளேயே இடரும் இருந்தது. ஏலச்செடியை விதையிட்டு வளர்த்தால் தாயின் குணம் அப்படியே வராது. தேனீக்கள் பல செடிகளின் மகரந்தத்தைக் கலந்துவிடும். ஆகவே தூரிலிருந்து கன்று பிரித்து நடுவதே வழக்கம். அப்படி நடப்படும் ஒவ்வொரு செடியும் மரபு அளவில் தாயின் நகல். ஏலமலையின் பெரும்பகுதி ஒரே ரகத்தின் நகல்களால் நிரம்பியபோது, ஒரு செடியின் பலவீனம் முழு மலையின் பலவீனமாயிற்று. அதிகக் காய், அதிகத் தட்டை, அதிக இலை என்பதற்காகத் தேர்வான செடி, அதிக உரத்தையும் கோடைப் பாசனத்தையும் கேட்டது. பாசனத்துக்காக மலையெங்கும் குளங்களும் ஆழ்துளைக் கிணறுகளும் வந்தன. வெயில் கூடுதலாகக் கிடைத்தால் காய் கூடும் என்பதால் நிழல் மரங்களின் கிளைகள் கழிக்கப்பட்டன. நிழல் குறைந்ததால் மண் மேலும் விரைவாகக் காய்ந்தது. பூச்சித் தாக்குதல் பெருகி மருந்துத் தெளிப்பும் பெருகியது. நச்சு எச்சம் காரணமாக வளைகுடா நாட்டுச் சந்தையில் இந்திய ஏலக்காய் திருப்பி அனுப்பப்பட்டதும் இந்தத் தொடரின் ஒரு கண்ணிதான்.

வறட்சியைத் தாங்கும் பண்பு ஏலக்காயின் மரபுச் செல்வத்தில் இல்லாமல் இல்லை. தாழ்வான மலைச்சரிவுகளில், மழையை மட்டும் நம்பி வளரும் மலபார் வகைச் செடிகளுக்கு ஓரளவு அது உண்டு. அப்பங்களாவில் பராமரிக்கப்படும் நூற்றுக்கணக்கான மரபு மாதிரிகளுக்குக் கோடையில் பாசனத்தை நிறுத்தி, எந்தச் செடியின் இலை கடைசி வரை நீரைத் தக்கவைக்கிறது, எதன் வேர் கூடுதல் மண்ணைத் துழாவுகிறது, மழை வந்ததும் எது முதலில் துளிர்க்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக் கழிப்பதே அங்கு நடக்கும் வேலை. மயிலாடும்பாறை வெளியிட்ட ஐ.சி.ஆர்.ஐ.-5 என்ற ஒட்டு ரகம் வறட்சியை ஓரளவு தாங்கும் என்று பரிந்துரைக்கப்பட்டது. பிரதமர் நரேந்திர மோடி 2024 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பூசா வயல்களில், மழைக்கு நடுவே, தட்பவெப்ப மாற்றத்தைத் தாங்கும் 109 பயிர் ரகங்களை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது அப்பட்டியலில் 'காவேரி', 'மனுஸ்ரீ' என்ற சிற்றேலக்காய் ரகங்களும் இடம்பெற்றிருந்தன.

பட்டியலில் இடம்பெறுவதற்கும் தோட்டத்தில் இடம்பெறுவதற்கும் உள்ள தூரம்தான் அதிகம். பாசன வசதியுள்ள நல்ல ஆண்டில் ஞள்ளானி தரும் விளைச்சலை, வறட்சி தாங்கும் செடி தருவதில்லை. நீரைச் சிக்கனமாகச் செலவிடும் செடி வளர்ச்சியையும் சிக்கனமாகவே வைத்துக்கொள்கிறது. இலைத்துளைகளை மூடிக்கொண்டால் நீர் இழப்பு குறையும், உணவுத் தயாரிப்பும் குறையும். ஐந்தாண்டில் ஒரு கோடைக்காக மற்ற நான்கு ஆண்டுகளின் விளைச்சலை விட்டுக்கொடுக்கக் கடனாளியான சிறு விவசாயி முன்வருவாரா என்ற கேள்விக்கு எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் விடை இல்லை. விலை, காப்பீடு, நிவாரணம் ஆகியவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

நெல்லில் நடந்தது என்ன?

நெல்லின் கதையைப் பார்த்தால் ஏலக்காய் எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பது புரியும். வறட்சி தாங்கும் நெல்லைத் தேடும் பணி தமிழகத்துக்குப் புதிதன்று. ராமநாதபுரத்தின் மானாவாரி நிலங்களுக்காகவே பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் பி.எம்.கே. வரிசை ரகங்களை உருவாக்கியது. அண்ணா நூற்றாண்டையொட்டி 2009-இல் அங்கிருந்து வந்ததே 'அண்ணா 4'. வடக்கே, ஹசாரிபாக் நிலையமும் பிலிப்பின்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து உருவாக்கிய 'சஹபாகி தான்' 2010-இல் வெளியானது. இவை எல்லாம் மரபான கலப்பும் தேர்வும் தந்தவை. அதன்பின், வறட்சியில் விளைச்சலைக் காக்கும் குரோமோசோம் பகுதிகளை அடையாளம் கண்டு, அவற்றை மட்டும் புகழ்பெற்ற ரகங்களுக்குக் கலப்பின் மூலம் கடத்தும் முறை வந்தது.

2025-இல் வந்த ரகம் மூன்றாவது கட்டம். ஆந்திரத்தில் பிறந்து பல மாநிலங்களில் பயிராகும் எம்.டி.யு. 1010 என்ற நெல்லில், நீர்ப்பற்றாக்குறையை எதிர்கொள்ளும் திறனுக்குத் தடையாகச் செயல்படும் ஒரு மரபணுவை 'கிரிஸ்பர்' என்ற நுண்கத்தரியால் செயலிழக்கச் செய்துள்ளனர். வேறு உயிரினத்தின் மரபணு எதுவும் இறுதிச் செடியில் இல்லை. இலைத்துளைகளின் எண்ணிக்கை குறைகிறது, நீர் மிச்சமாகிறது. அமெரிக்காவில் 2011-இல் அனுமதி பெற்ற மக்காச்சோளம் ஒரு பாக்டீரியாவின் மரபணுவையும், ஆர்ஜென்டினா 2020-இல் ஒப்புதல் அளித்த கோதுமை சூரியகாந்தியின் மரபணுவையும் கொண்டவை. அவற்றிலிருந்து இது மாறுபட்டது.

வேறுபாடு சட்டத்திலும் பிரதிபலிக்கிறது. 2022 மார்ச் 30-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அலுவல் குறிப்பாணை, அயல் மரபணு இல்லாத இத்தகைய பயிர்களை 1989-ஆம் ஆண்டு விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. மரபணு மாற்றப் பயிர்களின் வயல் சோதனைக்கு மாநில அரசின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று 2011 முதல் இருந்துவரும் நடைமுறை, இவற்றுக்குப் பொருந்தாது. மாற்றப் பயிர்களை வெளிப்படையாக எதிர்த்துவரும் கேரளம் போன்ற ஒரு மாநிலத்துக்கு இதில் சொல்ல ஏதும் இல்லை. வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ள நாட்டில், ஒரு குறிப்பாணை இந்த அதிகாரத்தை ஒதுக்கி வைத்தது குறித்து நாடாளுமன்றத்தில் நடந்திருக்க வேண்டிய விரிவான விவாதம் நடக்கவில்லை. பாசுதேவ் ஆச்சார்யா தலைமையிலான வேளாண் நிலைக்குழு 2012 ஆகஸ்டில் அளித்த அறிக்கையும், அறிவியல் - சுற்றுச்சூழல் நிலைக்குழு 2017-இல் அளித்த அறிக்கையும் மரபணு மாற்றப் பயிர்களின் மதிப்பீட்டு முறையைக் கடுமையாக விமர்சித்தவை. அந்த விமர்சனங்களுக்கு விடை கிடைக்கும் முன்பே தொழில்நுட்பம் அடுத்த வாசலைத் திறந்துகொண்டது.

புதிய நெல்லின் தரவுகள் குறித்தும் சர்ச்சை உண்டு. அறிவிப்பின்போது முன்னிறுத்தப்பட்ட விளைச்சல் உயர்வுக் கணக்குகள் பெரிதும் உவர், களர் நிலங்கள் சார்ந்தவை. சோதனை முடிவுகள் அரசின் கூற்றை நிரூபிக்கவில்லை என்று மரபணு மாற்றப் பயிர்களுக்கு எதிரான அமைப்புகள் 2025 அக்டோபரில் குற்றஞ்சாட்டின; வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அதை மறுத்தது. எது சரி என்பதைச் சில பருவங்களின் வயல் அனுபவம் சொல்லிவிடும்.

நெல்லுக்கு அந்த வாய்ப்பு உள்ளது. அதன் மரபணு வரைபடம் 2005-இலேயே முழுமையாக வெளியாகிவிட்டது. ஆயிரக்கணக்கான ஆய்வுக்கூடங்கள் அதன் ஒவ்வொரு மரபணுவையும் தட்டிப் பார்த்துவிட்டன. நான்கு மாதத்தில் ஒரு தலைமுறை. ஏலக்காயில் ஒரு தலைமுறையைச் சோதிக்க மூன்று ஆண்டுகள். கலப்பிலிருந்து ரகம் வரை பத்து முதல் பதினைந்து ஆண்டுகள். எந்த மரபணுவை வெட்டினால் எது நேரும் என்ற அடிப்படை அறிவு, சில நாடுகளில் மட்டும் விளையும் ஒரு பயிருக்குத் தானாகச் சேர்ந்துவிடாது. அதற்குப் பணம் ஒதுக்கும் அரசு வேண்டும்.

எந்த அமைச்சர் பதில் சொல்வார்?

இங்குதான் தில்லியின் அலுவல் பங்கீட்டு விதிகள் குறுக்கே வருகின்றன. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1966-இல் ஏலக்காய் வாரியம் உருவானது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது நறுமணப் பொருள் வாரியத்துடன் இணைந்து 1987 முதல் கொச்சியிலிருந்து செயல்பட்டு வருகிறது. மிளகு, மஞ்சள் போன்றவற்றுக்கு இந்த வாரியத்தின் வேலை பெரும்பாலும் ஏற்றுமதி சார்ந்தது. ஏலக்காய்க்கு மட்டும் நடவு, ஆராய்ச்சி, விற்பனை என அனைத்தும் அதன் பொறுப்பு. வாரியம் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருவதால், ஏலத்தோட்ட வறட்சி குறித்த கேள்வி வர்த்தக அமைச்சரிடம் செல்கிறது. அவரது அமைச்சகத்தின் முதற் கவலை ஏற்றுமதி மதிப்பு. பயிர் இழப்பு, காப்பீடு, ரக வெளியீடு ஆகியவை வேளாண் அமைச்சகத்தின் வரம்பு. பேரிடர் நிவாரணம் உள்துறை அமைச்சகத்தின் வரம்பு. இடுக்கி, தேனி தொகுதிகளின் உறுப்பினர்கள் யாராயினும், எந்தக் கட்சியினராயினும், முழு விடை வேண்டுமெனில் மூன்று நாள்களில் மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும்.

நிவாரணத்தின் அளவும் தெரிந்ததே. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த விதிமுறையின்படி பல்லாண்டுப் பயிர் இழப்புக்கு ஹெக்டேருக்கு ரூ.22,500, அதுவும் 2 ஹெக்டேர் வரை மட்டுமே. ஒரு ஹெக்டேர் ஏலத்தோட்டத்தை மீண்டும் நட்டுக் காய்க்கும் நிலைக்குக் கொண்டுவரப் பல லட்சம் ரூபாய் வேண்டும். தட்பவெப்ப அடிப்படையிலான காப்பீட்டுத் திட்டத்தில் கேரளத்து ஏலக்காய் சேர்க்கப்பட்டிருப்பினும், இழப்பீடு தோட்டத்தைப் பார்த்துத் தரப்படுவதன்று. வானிலை நிலையத்தின் பதிவைப் பார்த்துத் தரப்படுவது. ஒரே பஞ்சாயத்துக்குள் ஒரு சரிவில் மழையும் மறு சரிவில் வெயிலும் இருக்கும் மலையில் இந்த முறை எவ்வளவு பொருந்தும் என்பதை மலையில் ஒரு நாள் நின்றவர்கள் அறிவர். தோட்டத் தொழிலாளருக்கோ இந்த இரண்டிலும் பங்கில்லை. பயிர் அவருடையதன்று, வேலை இழந்த நாளுக்குக் காப்பீடு கிடையாது. எல்லை தாண்டி வருபவர் என்பதால், எந்த மாநிலத்தின் வறட்சிக் கணக்கிலும் அவர் எளிதில் சேர்வதில்லை.

ரகங்களின் உரிமை பற்றிய சட்டம் இன்னொரு முனை. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001, விவசாயி உருவாக்கிய ரகத்தையும் பதிவு செய்ய வழி வகுத்தது. உலகில் அரிதான இந்த ஏற்பாட்டை நாடாளுமன்றம் செய்தபோது ஞள்ளானி போன்ற எடுத்துக்காட்டுகள் கண்முன் இருந்தன. 2004-இல் மாநிலங்களவையில் அறிமுகமான விதை மசோதாவோ நிறைவேறவே இல்லை. புதிய வரைவு ஒன்றை வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் கருத்துக் கேட்புக்காக வெளியிட்டது. நாற்றங்கால்களைப் பதிவு செய்வது அதன் கூறுகளில் ஒன்று. நெல், பருத்தி விதைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவுகள், தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறும் ஏலக் கன்றுக்கு எப்படிப் பொருந்தும் என்பதைக் கவனிக்க வேண்டியவர்கள் தென் மாநில உறுப்பினர்களே.

நிழலின் கணக்கு

வறட்சி தாங்கும் செடி கிடைத்தாலும் அது எங்கே நிற்கும் என்பது மிச்சமிருக்கும் பிரச்னை. ஏலக்காய் அரை நிழலில் வாழும் பயிர். மேலே மரம் இருந்தால் இலையின் வெப்பம் தணியும். உதிரும் சருகு மண்ணைப் போர்த்தும். மேல்மண் ஈரம் பல நாள் கூடுதலாக நிற்கும். எந்த மரபணுத் திருத்தமும் தராத இந்தப் பாதுகாப்பைத் தரும் மரங்கள் நிற்கும் நிலம், நாட்டின் மிக நீண்ட நில வழக்குகளில் ஒன்றில் சிக்கியுள்ளது.

திருவிதாங்கூர் அரசு 1897-இல் ஏலமலைக் காப்புக்காடு பற்றிய பிரகடனத்தை வெளியிட்டது. காப்புக்காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற ஒற்றை இலக்கச் சர்ச்சை ஒரு நூற்றாண்டைக் கடந்தும் தீரவில்லை. மரம் வனத்துறையுடையது, நிலம் வருவாய்த் துறையுடையது என்ற இரட்டை ஆட்சி தொடர்கிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இப்பகுதியில் புதிய பட்டாக்கள் வழங்குவதற்கும் ஏலக்காய் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கும் இடைக்காலத் தடை விதித்தது. பட்டா இல்லாத விவசாயிக்கு வங்கிக் கடன் எளிதன்று. தமக்கு உரிமையில்லாத மரத்தைப் பேண அவருக்குத் தனிப்பட்ட ஆர்வமும் பிறப்பதில்லை. பட்டா கொடுத்தால் மலை விடுதிகளாகிவிடும் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அஞ்சுவதற்கும் மூணாறு, சின்னக்கானல் சாலையெங்கும் காரணங்கள் நிற்கின்றன. இரு தரப்பின் அச்சமும் நியாயமானதே. ஆனால் ஏலத்தோட்டத்தின் நிழலைக் காப்பவருக்கு ஊக்கத்தொகை என்ற நடுவழியை இரு அரசுகளும் தீவிரமாகப் பரிசீலித்ததாகத் தெரியவில்லை.

காட்டில் தானாக வளரும் ஏலச்செடிகளின் கதியும் இந்த வழக்குடன் பிணைந்துள்ளது. நாளைய வறட்சிக்கான பண்புகள் இன்று அவற்றில்தான் மறைந்துள்ளன. கேரளத்தில் மட்டும் சுமார் 40 ஆயிரம் ஹெக்டேரில் பயிராகும் ஏலக்காயின் காட்டு உறவுகள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாகப் பரந்து கிடக்கின்றன. குவாதமாலாவுக்கு அந்தச் செல்வம் இல்லை. இந்தியாவுக்கு அந்நாட்டின் மீதுள்ள ஒரே நிரந்தர அனுகூலம் இதுவே. வர்த்தக அமைச்சகத்தின் ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களில் இதற்கு இடமில்லை.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் மழை இறங்கியதும் போடிமெட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கோடையில் பட்டுப்போன தூர்கள் தோண்டி அகற்றப்பட்டு, அதே குழிகளில் மறுநடவு தொடங்குகிறது. நடுபவர் ஆராய்ச்சி நிலையத்தின் பட்டியலைப் பார்ப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கோடையைத் தாண்டி நின்ற தூர் எது என்று விசாரிக்கிறார், அதில் கன்று கேட்கிறார். வறட்சியைக் கடந்த இத்தகைய தூர்களைத் தோட்டம் தோட்டமாகச் சென்று அடையாளம் கண்டு, கன்று சேகரித்து, அப்பங்களாவுக்கும் மயிலாடும்பாறைக்கும் கொண்டு சேர்க்க மரபணுக் கத்தரி தேவையில்லை. இரு அமைச்சகங்களின் கையெழுத்துள்ள ஒரு கூட்டுத் திட்டமும், கோடை முடிந்த கையோடு மலையேற நான்கு ஜீப்புகளும் போதும்.